200 நானோமீட்டர் மரியாதை

ஏலே, இங்கன வந்து உக்காரு. போனைக் கவுத்து வை. "ஒளி சிப்பு வந்தாச்சு, இனிமே எல்லாம் ஒளி வேகம்"னு தெருவுல வாறவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே. நல்லது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சிப்புக்குள்ள அந்த ஒளி எம்புட்டு வேகத்துல போவுது?

முழிக்கிறதப் பாரு.

காத்துல வெளிச்சம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அது பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அதே வெளிச்சத்தைச் சிலிக்கான் தடத்துல இறக்கி, அது தலையில சேதியை ஏத்தி விடு. வேகம் கால்வாசிக்கு வந்துரும். ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்குப் போற செம்புக் கேபிள்ல மின்சாரச் சைகை அதை முந்திட்டுப் போயிரும். அப்போ ஒளி எதுக்குடே? வேகத்துக்கு இல்ல. செம்புல தகவலை அதிகமாத் தள்ளத் தள்ள சைகை வழியிலேயே மெலிஞ்சு போவுது, அதைத் தூக்கி நிறுத்தக் கரண்டு தின்னுது, சூடாவுது. வெளிச்சத்துக்கு அந்தச் சள்ளை கம்மி. அதோட, ஒரே தடத்துல பல நிறத்தை ஒண்ணா அனுப்பலாம். ஒண்ணோட சோலியில இன்னொண்ணு தலையிடாது. நிறம்னு நான் சொல்லுதது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 1550 நானோமீட்டர் பக்கம். சிலிக்கான் நம்ம கண்ணுக்குக் கருப்பு. அந்த வெளிச்சத்துக்கு அது வெறும் கண்ணாடி.

விசயம் அம்புட்டுத்தான். ஆனா "கரண்டு மிச்சமாகும்"னு விளம்பரம் போட்டா எவன் திரும்பிப் பாப்பான்? ஒளி வேகம்னு போட்டாத்தானே நீ தெருத்தெருவாச் சொல்லுவ!

சரி, பல நிறம் ஒரே தடத்துல வருது. எனக்கு வேண்டியதை மட்டும் எப்படிப் பிரிச்செடுக்க? அதுக்குத்தான் வளையம். சிலிக்கானை வளைச்சு 10 மைக்ரோமீட்டர் அகலத்துல ஒரு வட்டம். உன் தலைமயிரு ஒண்ணோட குறுக்களவுல அந்த மாதிரி ஏழெட்டை வரிசையா அடுக்கலாம். உள்ள போன வெளிச்சம் சுத்திச் சுத்தி வரும். ஒரு சுத்து முடிஞ்சு வாற அலை, கிளம்புன இடத்துல தன் முதுகு மேலயே சரியா வந்து உக்காரணும். மேடு மேல மேடு, பள்ளத்து மேல பள்ளம். அப்படிப் பொருந்துற நிறம் மட்டும் உள்ள பெருகும். பொருந்தாதது வளையத்துக்குள்ள நெலைக்காம நேரே போயிரும்.

இது நேத்து வந்த புதுமைன்னு நெனைக்கியா? 1969-லயே அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்து மார்க்கட்டிலி கணக்குப் போட்டு எழுதி வச்சுட்டாரு. உங்கப்பன் அப்போ பொறக்கவே இல்ல. அதுக்கும் முன்னால போனா லண்டன்ல செயின்ட் பால் கோயில் இருக்கு. அங்க கோபுரக் குடத்துக்கு உள்பக்கமா, 30 மீட்டருக்கு மேல அகலத்துல ஒரு வட்ட நடை. இந்தப் பக்கம் சுவத்தோரமா முணுமுணுத்தா அந்தப் பக்கம் சுவத்தோரம் காதை வச்சவனுக்குக் கேக்கும். ஒலி சுவத்தை ஒட்டியே ஊர்ந்து போவுதுன்னு ரேலி பிரபு கண்டு சொன்னாரு. 1921-ல நம்ம திருச்சியில பொறந்த சி. வி. ராமன் அங்க போயி, சதர்லாண்டுன்னு ஒருத்தரோட சேந்து அதே சுவத்துல சோதனை செஞ்சு பாத்தாரு. சுவத்தை ஒட்டி ஒலி ஒரே சீரா இல்ல, கூடிக் குறைஞ்சு வருதுன்னு எழுதினாரு. பொறவு பீஜாப்பூர் கோல் கும்பாஸையும் விடல. கோயிலுக்குப் போனவங்கல்லாம் கோபுரத்தை அண்ணாந்து பாத்துட்டு வந்தாங்க. இந்த மனுசன் சுவத்துல காதை வச்சுட்டு வந்திருக்காரு. ராமனைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோ, பொறவு வருவாரு.

இப்போ ஒன்னய மாதிரி ஆளுக எல்லாம் தாண்டிப் போயிருத இடத்துக்கு வருவோம். வளையம் தனியாக் கிடக்கு. பக்கத்துல தடம் தனியாக் கிடக்கு. நடுவுல கண்ணாடி. ரெண்டும் தொட்டுக்கிடல. வெளிச்சம் எப்படிடே உள்ள ஏறிச்சு?

சிலிக்கான் சுவத்துல முட்டுன வெளிச்சம் முழுக்கத் திரும்பிருதுன்னு நீ படிச்சிருப்ப. பாதி நெசம். சுவத்துக்கு வெளியேயும் அதோட ஒரு ஓரம் நிக்கும், சுமார் 100 நானோமீட்டருக்கு. அது கசிவு இல்ல பாத்துக்கோ. அது எங்கயும் போயிராது. உள்ள ஓடுறதோட சேந்து வெளியேயும் கூடவே வரும், விலக விலகச் சட்டுனு தேஞ்சுரும். பக்கத்துல ஒண்ணும் இல்லாட்டி நட்டமும் இல்ல. அந்த ஓரம் எட்டுற தூரத்துல இன்னொரு சிலிக்கானைக் கொண்டு வந்து வையி, அதுக்குள்ள தொத்திக்கிடும். நடுவுல எடைவெளி 200 நானோமீட்டர் வாக்குல இருக்கும். ஒரு 50 நானோமீட்டர் தள்ளி வச்சா, கடக்கிற வெளிச்சம் ஏறத்தாழப் பாதி. இன்னொரு 50 தள்ளு, அதுலயும் பாதி. இந்த இம்மி எடைவெளியில இருக்கு இந்தத் தொழிலோட குடுமி.

"அப்போ ஒட்டி வச்சுட்டா முழுசும் போயிருமே தாத்தா"ங்க. தெரியும், இதைத்தான் கேப்பன்னு. கிட்ட உறவு முட்டப் பகைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ரொம்ப நெருக்கி வச்சா, வெளிச்சம் எம்புட்டுச் சுளுவா உள்ள ஏறுதோ அம்புட்டுச் சுளுவா எறங்கியும் போயிரும். நாலு சுத்து ஒழுங்காச் சுத்தாததுக்கு, எந்த நிறம் பொருந்துது எது பொருந்தலைன்னு பிரிக்கத் தெரியாது. ரொம்பத் தள்ளி வச்சா ஏறவே ஏறாது. நடுவுல ஒரு எடம் இருக்கு. வளையம் ஒரு சுத்துல தன்பாட்டுக்கு எம்புட்டு இழக்குதோ, தடத்துல இருந்து சரியா அம்புட்டுப் பங்கு ஏறணும். அப்படி வச்சுட்டா, வளையத்துல இருந்து திரும்பி வாற வெளிச்சமும் நேராப் போற வெளிச்சமும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நின்னு அடிச்சுக்கிட்டு, அந்த நிறத்துல தடத்தோட மறுமுனைக்கு ஒரு பொட்டுகூடப் போவாது. மொத்தமும் வளையத்துக்கே. கால்டெக்ல இருந்த அம்னான் யாரிவ் இதை 2000-ல ஒரு சின்னக் கட்டுரையில எழுதி முடிச்சுட்டாரு. நீ எழுதின பிராஜெக்ட் ரிப்போர்ட் எத்தனை பக்கம்லே? அதுல நன்றியுரை மட்டும் எத்தனை பக்கம்?

ஒரு வளையத்துக்கே இம்புட்டுச் சங்கதி. இப்போ ரெண்டு வளையத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சா? அதுக்கு நீ லேபுக்குப் போவ வேண்டாம். கொல்லைக்குப் போ. ரெண்டு வேப்ப மரத்துக்கு நடுவுல ஒரு கொடிக்கயிறைக் கட்டு, விறைப்பா இல்ல, கொஞ்சம் தொய்வா. அதுல ஒரே நீளத்துச் சரடு ரெண்டுல ஒரே எடையுள்ள கல்லு ரெண்டைக் கட்டித் தொங்க விடு. ஒரு கல்லை மட்டும் முன்னும் பின்னுமா ஆட்டி விடு. ஆட்டிட்டுக் கையைக் கட்டிட்டு நில்லு.

பைய இந்தக் கல்லோட ஆட்டம் குறையும். யாரும் தொடாத அந்தக் கல்லு ஆட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்துல இது அசையாம நிக்கும், அது முழு வீச்சுல ஆடும். பொறவு திரும்ப இதுக்கே வரும். ரெண்டு வளையத்துக்கு நடுவுல வெளிச்சம் செய்யுததும் அச்சா இதுதான், கணக்கும் அதே கணக்கு. கயிறு கொடுக்கிற பிடி இங்க 200 நானோமீட்டர் எடைவெளி.

இன்னும் ஒண்ணு பாரு. ரெண்டு கல்லையும் ஒரே பக்கமாச் சேத்து ஆட்டி விட்டா அது ஒரு தாளம். ஒண்ணை முன்னாலயும் ஒண்ணைப் பின்னாலயும் இழுத்து விட்டா அது வேற தாளம், கொஞ்சம் வித்தியாசப்படும். தனியா இருந்தப்போ ரெண்டுக்கும் ஒரே தாளம்தான். சேந்ததும் ரெண்டாப் பிரிஞ்சுட்டு. வளையத்துலயும் அப்படியே. தனித்தனியா ஒரே நிறத்துக்கு ஆடுன ரெண்டு வளையத்தைக் கிட்ட வச்சா, அந்த ஒரு நிறத்துக்குப் பதிலா இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணுன்னு ரெண்டு நிறம் வரும். நெருக்க நெருக்க அந்த ரெண்டும் விலகும். அணு ரெண்டு கூடினாலும் இதே பிளவுதான், அதனால இந்தச் சோடிக்கு ஒளி மூலக்கூறுன்னு பேரு. பேரு பெருசுதான், அதுக்கு நியாயமும் இருக்கு. போவட்டும்.

அந்த ரெண்டாவது கல்லுக்குக் கீழ ஒரு வாளித் தண்ணி வையி, கல்லு தண்ணிக்குள்ள முங்கி இருக்கட்டும். முதல் கல்லை ஆட்டு. என்ன ஆவும்? ஆட்டம் அங்க போயித் தண்ணியில கரைஞ்சுரும். சீக்கிரமே ரெண்டும் நின்னுரும். இது எவனுக்கும் தெரியும். இப்போ தண்ணியைக் கொட்டிட்டு வாளியில களிமண்ணைக் குழைச்சுப் போடு. கல்லு அதுல புதைஞ்சு கிடக்கட்டும். நட்டம் இன்னும் கூடணும்லா? முதல் கல்லை ஆட்டிப் பாரு. அது பாட்டுக்கு ரொம்ப நேரம் ஆடிட்டே இருக்கும்! ஏன்னா மறுபக்கம் அசையவே மாட்டேங்கு. அசையாதவன்ட்ட ஆட்டத்தைக் கொடுக்க முடியுமா? கொடுக்க முடியாததால இதுட்டயே தங்கிருச்சு.

இதை வெளிச்சத்துல செஞ்சு காட்டினாங்க, 2014-ல, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல, லான் யாங்ங்கிற அம்மாவோட குழு. வளையம்னா சிலிக்கான் இல்ல, கண்ணாடி. சிப்பு மேலயே ஓரத்தை உருக்கி உருட்டுன வட்டு. அந்த மாதிரி வட்டை 2003-ல கால்டெக்ல வஹாலா குழு செஞ்சப்போ, உள்ள போன வெளிச்சம் வெளிய வாறதுக்குள்ள 15 மீட்டருக்கு மேல ஓடிரும்ங்கிற அளவுக்கு வழவழப்பா இருந்துது. இந்தம்மா அதுல ரெண்டைப் பக்கத்துல வச்சாங்க. ஒண்ணுல லேசர் எரியுது. இன்னொண்ணுகிட்ட குரோமியம் பூசுன ஒரு ஊசிமுனையைக் கொண்டு போனாங்க. குரோமியம் வெளிச்சத்தைக் குடிக்கும். கொஞ்சம் கிட்டக் கொண்டு போவ, முதல் வட்டுல லேசர் மங்கிச்சு, அணைஞ்சே போச்சு. அதோட விடல. ஊசியை இன்னும் கிட்டக் கொண்டு போனாங்க, இன்னும் நட்டம். அணைஞ்ச லேசர் திரும்ப எரிய ஆரம்பிச்சுட்டு!

இதைப் பத்தி எழுதுனவன் எல்லாம் மாயம் மந்திரம்னு எழுதுனான். களிமண்ணு வாளிதான்லே. ஆனா அதைக் கணக்குல முன்னாலயே பாத்து, எந்தப் புள்ளியில திரும்பும்னு குறிச்சு, கையால செஞ்சு காட்டுனது லேசுப்பட்ட சோலி இல்ல. அங்க எரிஞ்சது என்ன லேசர்ங்க? ராமன் லேசர். 1928-ல கல்கத்தாவுல அவரு கண்டுபிடிச்ச விளைவுல எரியற லேசர். கோயில் சுவத்துல காதை வச்சுக் கேட்ட மனுசன் பேருல உள்ள வெளிச்சம், அதே மாதிரி வட்டச் சுவத்தை ஒட்டி ஓடிட்டிருக்கு.

வளையத்தை ரெண்டோட நிறுத்த நம்ம ஆளுக்கு மனசு வருமா? 1999-ல யாரிவும் கூட்டாளிகளும், இப்படி வரிசையா அடுக்குனா வெளிச்சம் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவித் தாவிப் போவும், ரொம்ப மெதுவாப் போவும்னு எழுதினாங்க. 2007-ல ஐபிஎம் ஆய்வுக்கூடத்துல 100 வளையம் வரை கோத்தே பாத்துட்டாங்க. எதுக்குத் தெரியுமா? வெளிச்சத்தைத் தாமதிக்க. உலகத்துலயே வேகமானதைப் பிடிச்சு, வளையம் வளையமாச் சுத்த விட்டு, 500 பிக்கோநொடி தாமதிச்சாங்க. ஒரு நொடியை 200 கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. சிரிக்காத. இருந்தாலும் நான் கொஞ்சம் சிரிச்சுக்கிடுதேன். ஏன்னா அரைச் சாண் கண்ணாடி இழையை வாங்கி அதுல வெளிச்சத்தை விட்டாலும் அதே தாமதம்தான் வரும். ஆனா அந்த இழையை எங்க கொண்டு வைக்க? இவங்க அத்தனை வளையத்தையும் 0.09 சதுர மில்லிமீட்டருக்குள்ள அடக்கிட்டாங்க. அதுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேணும்.

நெசமான பொழைப்பு ரெண்டு, மூணு, அஞ்சு வளையத்துல இருக்கு. ஒத்தை வளையம் நிறத்தைப் பிரிக்கும், ஆனா கூம்பாப் பிரிக்கும். நட்ட நடுவுல நல்லா எடுக்கும், ஓரத்துல வழுக்கும், பக்கத்து நிறத்துலயும் கொஞ்சம் கையை நனைக்கும். நாலைஞ்சைக் கோத்தா மேல தட்டையா, பக்கம் செங்குத்தா, வேண்டிய நிறம் முழுசும் வேண்டாதது வெளியேயும்னு ஆயிரும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, உங்க வாத்தியாரு சொன்னாரோ என்னமோ. எல்லா எடைவெளியையும் ஒரே மாதிரி வச்சா இது வராது. தடத்துக்கும் முதல் வளையத்துக்கும் நடுவுல நெருக்கமா வைக்கணும். உள்ள வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல இன்னும் தள்ளி வைக்கணும். வாசல்ல தாராளம், வீட்டுக்குள்ள கண்டிப்பு. எங்க நெருங்கணும், எங்க விலகணும்னு ஒவ்வொரு எடைவெளிக்கும் தனித்தனிக் கணக்கு.

கணக்குப் போட்டாச்சு, கம்ப்யூட்டர்ல ரெண்டு வளையமும் ஒரே அச்சா வரைஞ்சாச்சு, பேக்டரிக்கு அனுப்பியாச்சு. "ஐடென்டிக்கல் ரிங்ஸ்"னு ஸ்லைடுலயும் போட்டாச்சு. இப்போ வந்து இறங்குது வினை. ரெண்டும் ஒண்ணா வராது! தடத்தோட அகலம் 1 நானோமீட்டர் கூடிக் குறைஞ்சா, வளையம் பிடிக்கிற நிறமும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் நகரும். 1 நானோமீட்டருங்கிறது சிலிக்கான் படிகத்துல ரெண்டு கட்டம்கூடத் தேறாது. ஆனா வளையம் பிடிக்கிற நிறத்தோட அகலமே 0.1 நானோமீட்டர்தான் இருக்கும். அப்போ அந்த இம்மி வித்தியாசத்துல ரெண்டு வளையத்துக்கும் பேச்சுவார்த்தையே அத்துப் போவுது. கொல்லையில ஒரு சரடை நாலு விரக்கடை குட்டையாக் கட்டிப் பாரேன். மறு கல்லு லேசாத் தலையை ஆட்டும், அதோட சரி. முழு ஆட்டமும் கடக்கவே கடக்காது.

என்ன செய்ய? அடுப்பு வைக்கணும். ஆமாடே, ஒவ்வொரு வளையத்து தலையிலயும் ஒரு குட்டிச் சூடேத்தி. சிலிக்கான் சூடானா நிறம் நகரும், 1 டிகிரிக்கு 0.07-ல இருந்து 0.1 நானோமீட்டர் வரை. அதை வச்சு ரெண்டையும் ஒரு வழிக்குக் கொண்டு வருவாங்க. அதுலயும் பாரு, சூடாக்கி நீள அலை பக்கம்தான் தள்ளலாம், இந்தப் பக்கம் இழுக்க முடியாது. ஏற்கெனவே முந்திப் போனவன் இருக்கான்னு வையி, மத்தவங்களை எல்லாம் அவன் இருக்கிற எடத்துக்குச் சூடு போட்டுத்தான் தள்ளணும். போதாததுக்கு இந்த வளையத்து அடுப்பு பக்கத்து வளையத்தையும் சுடும். அதை நிறுத்த, சுத்திக் குழி தோண்டுதாங்க. வெளிச்சம் போவ ரெண்டும் கிட்ட இருக்கணும், சூடு போவாம இருக்க ரெண்டும் தள்ளி இருக்கணும். மாமியா மருமவளை ஒரே வீட்டுல வச்சுக் குடித்தனம் பண்ணுனவனைக் கேளு, இதுக்கு வழி இருக்கான்னு.

ஒரு வளையத்து அடுப்புக்கு 5 மில்லிவாட்னு வச்சுக்கோ. 1000 வளையம் இருந்தா 5 வாட். தகவல் போனாலும் எரியும், போவாட்டியும் எரியும். எதுக்குடே ஒளிக்கு வந்தோம்? கரண்டு மிச்சம் பண்ண. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதுக்காக இது ஆவாத சோலின்னு நான் சொல்லுதேன்னு ஊருக்குள்ள கிளப்பி விட்டுராத. 2005-ல கார்னெல்ல மிகால் லிப்சன் குழு 12 மைக்ரோமீட்டர் வளையத்தை வச்சு வெளிச்சத்தை அணைச்சு ஏத்திக் காட்டுனப்போ, இதெல்லாம் லேபோட சரின்னு சொன்னவங்க உண்டு. 2025-ல என்விடியா அதே சாதி வளையத்தைத் தன்னோட சுவிட்சு சிப்புப் பக்கத்துலயே கொண்டு வந்து வைக்கப் போறேன்னு அறிவிச்சுட்டான். அவன் கூமுட்டை இல்ல, அடுப்புச் செலவு போவ மிச்சம் இருக்குன்னு கணக்குப் பாத்துத்தான் இறங்கியிருப்பான். சென்னை ஐஐடியிலயும் இதுக்குன்னே ஒரு மையம் இருக்கு. நீ படிக்கணும்னா அங்க போயிப் படி, வேண்டாம்னு யாரு சொன்னா?

அடுத்த வாரம் ஏதோ ஸ்டார்ட்டப்புல இன்டர்வியூன்னியே. நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போ. ஒளி வேகம், எதிர்காலம், புரட்சின்னு அவன் ஆரம்பிப்பான். குறுக்கப் பேசாத, தலையை ஆட்டிக் கேளு. எல்லாம் முடிஞ்சு, "ஏதாவது கேக்கணுமா தம்பி?"ன்னு கேப்பான்ல? அப்போ பைய, மரியாதையாக் கேளு: "சார், வளையத்துக்கு வளையம் எடைவெளி எம்புட்டு? பேக்டரியில இருந்து வந்த பொறவு அதுல எத்தனை வளையம் சூடேத்தாமலே ஒத்துப் போவுது? மொத்த அடுப்புச் செலவு எத்தனை வாட்?" ஆளு நிமிந்து உக்காந்து, பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பிச்சான்னா, சம்பளம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் சேந்துரு. தண்ணி பாட்டிலை எடுத்தான்னா, பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. வரும்போது எனக்கு அரைக் கிலோ அல்வா.